குற்றாலத்தில் நான் கட்டிய பூ

சடைக்குள் ஒரு நதியை ஒளித்து வைத்து, மலைமேல் இன்னொன்றை அவிழ்த்துவிட்டிருக்கும் குற்றாலத்துப் பெருமானே, குழலினும் இனிய மொழியாளை இடப்பாகத்தில் கொண்டவனே, உன் மலையைப் பார்த்து நின்றபடி உன் பிள்ளையின் காலடியில் பொய்யை வைத்த கை இது. இந்தக் கட்டுரை முடியும்வரையாவது இது உண்மையை எழுதத் துணையிரு.

சென்ற முறை நான் எழுதிய திருச்செந்தூர்ப் பயணக் குறிப்பைப் படித்த அன்பர் சிலர், குற்றாலத்துக்கும் அதே போல வழியும் நேரமும் கட்டணமும் எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். சாரல் காலத்தில் நான் அங்கே போகாத ஆண்டு குறைவு. ஆயினும் எழுத உட்கார்ந்தால் ஒரே ஒரு பயணம்தான் மற்றவற்றை மறைத்துக்கொண்டு முன்னே வந்து நிற்கிறது. அது 1965-ஆம் ஆண்டு, ஆடி மாதம். நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. வழியைச் சொல்கிறேன். வழியில் நான் செய்ததையும் சொல்கிறேன்.

எனக்கு ஊர் வாசுதேவநல்லூர். குளத்துக்குக் கீழே கொஞ்சம் நஞ்சை உண்டு. திருவிழாக்களில் சமயச் சொற்பொழிவு செய்வது வழக்கம். எனக்கு மக்கள் எழுவர், ஆண் ஐந்து, பெண் இரண்டு. இரண்டாவது பிறந்தவள் கோமதி. பதினோராம் வகுப்பு தேறியவள். ஆசிரியப் பயிற்சிக்குப் போக ஆசைப்பட்டாள். அண்ணன் படிப்பு ஒருபுறம், தம்பிமார் படிப்பு மறுபுறம் என்று நான் கைவிரித்ததால் இரண்டு ஆண்டுகளாக வீட்டில் இருந்தாள். அப்போதுதான் தென்காசியிலிருந்து உறவினர் ஒருவர் கடிதம் எழுதினார். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே தோட்டமும் வயலும் வைத்திருக்கும் சண்முகவேல் என்பவரின் மகன் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறான், அவர்கள் பெண்ணைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை, திருமணத்துக்குப் பின் பெண்ணைப் பயிற்சிக்கும் அனுப்புவார்கள் என்று அதில் இருந்தது.

கடிதத்தின் அடியில் இன்னொரு வரியும் இருந்தது. சண்முகவேல் இரண்டு குழந்தைகள் பிறந்ததும் அரசு மருத்துவமனைக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டவர், அதை மறைத்து வைப்பது முறையல்ல என்பதால் எழுதுகிறேன் என்றிருந்தார் உறவினர். அந்தக் கடிதத்தை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டேன். வீட்டில் படித்துக் காட்டும்போது அந்த ஒரு வரியை விட்டுவிட்டேன்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்டு நான் ஏறிய மேடைகளிலெல்லாம் குடும்பக் கட்டுப்பாட்டைத்தான் சாடினேன். பிறக்கக் காத்திருக்கும் உயிருக்கு வாசலை அடைப்பது பாவம், நீர்க்கடனுக்கு ஏங்கும் முன்னோர்க்கு இழைக்கும் துரோகம் என்று அடுக்கிப் பேசினால் கூட்டம் கையைத் தட்டும். அப்படிப் பேசியவன் அந்த வீட்டில் பெண் கொடுத்தால் நாளை மேடையில் என்ன முகத்தோடு நிற்பது? வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. என் மனைவிக்கும் கோமதிக்கும் அந்த இடம் பிடித்துவிட்டது. வெளியே சொல்லத்தக்க குறை ஒன்றும் என்னிடம் இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேசுவதற்கு முன், சாரலுக்குக் குளிக்கப் போகிறவர்களைப் போலப் பெண்ணை அழைத்துக்கொண்டு போய், வழியில் அவர்கள் வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு வருவோம். கூடிவந்தால் மகிழ்ச்சி. கூடிவராவிட்டால் அருவிக்குப் போய்வந்தோம் என்று ஊருக்குச் சொல்லிக்கொள்ளலாம். அப்படித்தான் நானும் கோமதியும் கிளம்பினோம். என் மனைவியால் வர முடியவில்லை. ஏழாவது குழந்தைக்கு அப்போது ஒன்பது மாதம்.

வாசுதேவநல்லூரிலிருந்து காலை ஐந்து நாற்பது பஸ்ஸைப் பிடியுங்கள். தென்காசிக்கு இருபத்து நான்கு மைல். ஆளுக்கு ஒரு ரூபாய் பத்துக் காசு. புளியங்குடியில் பத்து நிமிடம் நிற்கும், கடையநல்லூரில் அதற்கும் மேல். மேற்கே பார்த்த ஜன்னலோரம் உட்கார்ந்தால் மலை கூடவே வரும். கோமதி கைகளை மடியில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள்.

"என்னம்மா, பயமா இருக்கா?" என்றேன்.

"பயமெல்லாம் இல்லப்பா. இடுப்புல பிள்ள இல்லாம உக்காந்து ரொம்ப நாளாச்சா, கைய எங்கன வைக்கதுன்னு தெரியல."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை என்பதை அன்று கவனிக்கவில்லை.

ஏழே காலுக்குத் தென்காசி. நிலையத்திலிருந்து கோயிலுக்கு நடந்தே போகலாம். உச்சியிழந்து இரண்டாகப் பிளந்து நிற்கும் அந்த மொட்டைக் கோபுரத்தைப் பார்க்கிறவர்கள் முதலில் திகைப்பார்கள். வாசலில் எந்நேரமும் காற்று ஆளைத் தள்ளும். மேல்துண்டை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். விசுவநாதரையும் உலகம்மையையும் தரிசித்துவிட்டு எட்டரை மணி பஸ்ஸில் குற்றாலம் போனோம். மூன்று மைல், பதினைந்து காசு.

பேரருவியில் அன்று நீர் அளவாக விழுந்தது. பெண்கள் பக்கம் தனியே இருப்பதால் குடும்பத்தோடு வருகிறவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் ஒரு ரூபாய் கேட்பார்கள். முக்கால் ரூபாய்க்கு இணங்குவார்கள். தலையில் அந்த நீர் விழும்போது மனிதனுக்கு எண்ணம் என்று ஒன்று இராது. என் வாழ்நாளில் நான் பொய்யில்லாமல் நிற்கும் இடம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். அங்கிருந்து வெளியே வந்து துவட்டிக்கொண்டதும் பழைய எண்ணம் திரும்பி வந்துவிட்டது.

கடைத்தெருவில் மங்குஸ்தானும் துரியனும் குவித்திருந்தார்கள். துரியனைப் பிள்ளை வரம் வேண்டுகிறவர்கள் தேடி வந்து வாங்குவார்கள். ஒரு பழம் மூன்று ரூபாய் சொன்னாள் கடைக்காரி.

"வாங்குங்க அண்ணாச்சி. ஒரு மண்டலம் சாப்பிட்டா வீட்டுல தொட்டில் ஆடும்."

"எனக்கு ஏழு பிள்ளைகம்மா" என்றேன், சற்றுப் பெருமையாகவே.

அவள் பழத்தை என் கையிலிருந்து வாங்கிக் கூடையில் வைத்துவிட்டாள். "அப்பம் நீங்க இத மோந்துகூடப் பாக்கக் கூடாது. அந்தால தள்ளி நில்லுங்க."

கோமதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒரு டஜன் மங்குஸ்தான் ஒன்றரை ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு தென்காசிச் சாலையில் நடந்தோம். ஒன்றரை மைல். சாரலில் நடக்கச் சுகமான சாலை.

சண்முகவேல் வீட்டு வாசலில் எங்களுக்காகக் காத்து நின்றார். என்னைவிட நாலைந்து வயது இளையவர். அவர் மனைவி பேச்சியம்மாள் கோமதியின் ஈரத் தலையைப் பார்த்ததும் உள்ளே அழைத்துப்போய்த் துவட்டிவிட்டாள். மாப்பிள்ளைப் பையன் ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் புத்தக அலமாரிப் பக்கமே நின்றான். அவன் தங்கை பாளையங்கோட்டையில் கல்லூரி விடுதியில் இருந்தாள். சாப்பாட்டுக்குப் பின் பையன் கோமதியிடம் என்ன பாடம் பிடிக்கும் என்று கேட்டான். கணக்கு என்றாள். தனக்கும் அதுதான் என்றான். அவ்வளவுதான் பேச்சு. அதற்குள் அவள் முகம் மலர்ந்துபோயிற்று. தகப்பன் கண்ணுக்கு அது தெரியாமல் போகுமா?

வெயில் இல்லாததால் வயலைப் பார்க்கப் போனோம். ஒரே வளைவாகக் கிடந்தது நிலம். ஏர் ஓடிக்கொண்டிருந்தது. மாடு அந்தக் கோடிவரை போய், நிதானமாகத் திரும்பி வந்தது.

என் பாட்டனார் காலத்தில் எங்கள் வயலும் இப்படித்தான் கிடந்தது. அதை அவர் மக்கள் மூவர் பங்கிட்டார்கள். என் தந்தையாரின் பங்கை நாங்கள் நால்வர் பங்கிட்டோம். இப்போது என் வயலில் மாடு திரும்ப வேண்டுமானால் தம்பி வயலில் கால் வைக்க வேண்டும். அதனாலேயே இரண்டு முறை சண்டை வந்திருக்கிறது. என் ஐந்து ஆண் மக்களுக்கும் அதைப் பிரித்தால் வரப்புத்தான் மிஞ்சும். இது எனக்குத் தெரியாததல்ல. அந்த வரப்பில் நின்றபோது தெரிந்ததாக நான் காட்டிக்கொள்ளவில்லை.

"என்னப் போல எங்க அப்பாவும் ஒத்தப் பிள்ளைதான் அண்ணாச்சி" என்றார் சண்முகவேல். "அவுக கூடப் பொறந்தவுக அஞ்சு பேரும் ஒரே வருசத்துல காலராவுல போயிட்டாக. அதனால வயல் ஒண்ணாக் கிடந்துச்சு. காலரா செஞ்ச வேலையத்தான் நான் ஆசுபத்திரியில செஞ்சுக்கிட்டேன். பொறந்த பொறவு சாகக் குடுக்காம."

"அதெல்லாம் சரி. வயசான காலத்துல?" என்றேன்.

"மகன் பாப்பான். இல்லைன்னா மக பாப்பா. ஏழு பேரு இருந்தா அவன் பாப்பான் இவன் பாப்பான்னு..." என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்கிடாதீங்க."

"நடவுக்கு ஆள்? அறுப்புக்கு?"

"கூலிக்குத்தான். கூலியும் ஏறிக்கிட்டுதான் வருது. நான் யோசிச்சுப் பாத்திருக்கேன் அண்ணாச்சி. எல்லா வீட்டுலயும் ரெண்டு மூணுன்னு ஆயிட்டா, எம் பேரன் காலத்துல நெலம் கெடக்கும், எறங்க ஆளிருக்காது. கெழவன் கெழவியளும் கூடத்தான் இருப்பாக. அது ஒரு கஷ்டந்தான், இல்லைங்கல. ஆனா அன்னைக்கு நடுதவ கேக்குத கூலியக் குடுத்துத்தான ஆகணும்? அவ பிள்ளையும் பள்ளிக்கூடம் போயிரும்லா."

பின்னால் வந்த பேச்சியம்மாள், "வரப்புல கால வச்சா இவுகளுக்குப் பிரசங்கந்தான்" என்றாள். "தீவாளிக்குப் பலகாரம் சுட்டு வச்சா திங்க நாதியில்லாம நமத்துப் போவுது. அத ஒருத்தரும் கேக்கதில்ல. ஏழு பேரு இருக்க வீட்டுப் பொண்ணு வந்தா தீவாளிக்கு அவ தம்பிமாரக் கூட்டிட்டு வருவாள்னு நான் நெனச்சுக்கிட்டிருக்கேன்."

அந்த அம்மாள் அவ்வளவு திறந்து பேசிய பிறகு எனக்கு நெருக்கடி கூடிவிட்டது. இன்னும் அரைமணி நேரம் நின்றால் வெற்றிலை மாற்றிக்கொள்ளும்படி ஆகிவிடும். அப்போதுதான் நான் சொன்னேன். "எல்லாம் நல்லபடியா இருக்கு. சாமி உத்தரவையும் கேட்டுருவோம். பூக்கட்டிப் பாத்துருவோம்."

அறியாத அன்பர்களுக்காக இதை விளக்க வேண்டும். ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனியே இலையில் பொட்டலமாகக் கட்டிச் சந்நிதியில் வைப்போம். வேண்டிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் இறைவன் சம்மதித்தான். சிவப்பு வந்தால் மறுத்தான். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது. தெய்வத்தைச் சோதிப்பது போலாகும் என்பார்கள். அதை ஓடும் நீரில் விட்டுவிடுவோம். இறைவன் மறுத்தால் எந்தத் தரப்புக்கும் மனக்குறை இல்லை. யாரும் யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

வயலோரம் வாய்க்காலை ஒட்டி ஒரு பிள்ளையார் இருந்தார். பக்கத்தில் அரளிச் செடிகள், வெள்ளையும் சிவப்பும். பெரியவன், சமயம் அறிந்தவன் என்று பூக்கட்டும் பொறுப்பை எனக்கே கொடுத்தார்கள். வாழையிலைக் கிழிசல்கள் இரண்டை எடுத்துக்கொண்டு செடிக்குப் பின்னால் போனேன். முதலில் சிவப்பைப் பறித்துக் கட்டினேன். இரண்டாவதற்கு என் கை வெள்ளைச் செடிப் பக்கம் போகவில்லை. போகவில்லை என்று எழுதுவதும் ஒரு தப்பித்தல்தான். நான் அதைப் போகவிடவில்லை. இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு அரளியை வைத்து, வாழை நாரால் இறுக்கி, கற்பூரம் காட்டி, ஒரு பதிகமும் பாடினேன். குரல் நடுங்கவில்லை. மேடையில் பழகிய குரல் அல்லவா.

"பொண்ணே எடுக்கட்டும்" என்றாள் பேச்சியம்மாள். வேறு யாராவது எடுப்பார்கள் என்று எண்ணியிருந்தேன். கோமதி மூன்று முறை வலம் வந்தாள். கண்ணை மூடி நின்றாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று எனக்குத் தெரியும். எடுத்துப் பிரித்தாள்.

சிவப்பு.

சண்முகவேல் கைகூப்பிக் கும்பிட்டார். "அவன் சித்தம்" என்றார். பையன் வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டான். எஞ்சிய பொட்டலத்தை எடுக்க நான் கையை நீட்டினேன். அதற்குள் கோமதி, பிரித்த பூவை முந்தானையில் முடிந்தபடி அதையும் எடுத்துக்கொண்டு, "நான் விடுதேன்பா" என்று வாய்க்காலுக்கு இறங்கிப் போனாள். விட்டுவிட்டாள் என்றே நம்பினேன்.

விடைபெறும்போது பேச்சியம்மாள் ஒரு பை நிறைய முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்து கொடுத்தாள். "ஏழு பேருக்கும் சரியாப் பங்கு வச்சிருக்கேன் அண்ணாச்சி. கடைசிப் பிள்ளைக்குப் பல்லு வந்துட்டா?" என்று கேட்டாள். நான் பையை வாங்கிக்கொண்டு படியிறங்கினேன்.

தென்காசியிலிருந்து மூன்று நாற்பதுக்குப் பஸ். கோமதி ஜன்னலோரம், நான் பக்கத்தில். ஊர் எல்லை தாண்டும்வரை அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இடுப்பிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்தாள். நார் முன்பே தளர்ந்திருந்தது. மெதுவாகப் பிரித்து என் மடிமேல் வைத்தாள்.

"வாய்க்கால்ல விடத்தான் போனேன்" என்றாள். "தண்ணி பட்டதும் இல விரிஞ்சுது. உள்ள நெறம் தெரிஞ்சுது."

நான் இலையை மறுபடி மூடப் பார்த்தேன்.

"இன்னொரு மட்டம் கேட்டுப் பாப்போமாப்பா? இந்த மட்டம் நான் கட்டுதேன்."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். அது இல்லை. கணக்கில் தவறு கண்டுபிடித்தவள் அதைக் காட்டுவது போல இருந்தது.

"என்னத்துக்குப்பா அப்படிச் செஞ்சீங்க?"

சொன்னேன். கடிதத்தில் நான் படிக்காமல் விட்ட வரியை, ஆபரேஷனை, மேடையை, கைத்தட்டலை எல்லாம் சொன்னேன். முன்னோர், நீர்க்கடன் என்றும் ஏதோ தொடங்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"நான் இதுவரைக்கும் மூணு பிள்ளையத் தூக்கி வளத்துட்டேன்பா. எனக்குன்னு இன்னும் ஒண்ணுகூடப் பொறக்கல" என்றாள்.

ஆயிரம் பேர் கைதட்டிய பேச்சு, பஸ்ஸில் என் பெண் சொன்ன இரண்டு வாக்கியத்தின் முன்னே நிற்க மாட்டாமல் விழுந்தது. கடையநல்லூரில் பஸ் நின்றது. எழுந்தேன்.

"பெரியவரே, டிக்கெட்டு வாசுதேவநல்லூருக்குல்லா எடுத்திருக்கீக?" என்றார் கண்டக்டர். "எறங்கினா மிச்சக் காசு கெடைக்காது."

"போகட்டும்" என்றேன்.

கடையநல்லூரிலிருந்து தென்காசிக்குப் பத்தரை மைல். நான்கு ஐம்பதுக்கு எதிர்ப் பஸ். ஐம்பது காசு. ஐந்து முப்பத்தைந்துக்குத் தென்காசியில் இறங்கி, நடந்தால் மனம் மாறிவிடுமோ என்ற அச்சத்தில் ஒரு ரூபாய்க்கு ஜட்கா பேசினேன். வண்டிக்காரர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஐயா, பங்குனித் திருவிழாவுல பேசினவுகதானே நீங்க?"

"ஆமா."

"நெனச்சேன். ஐயா, உங்க பேச்சு எனக்கு ஒரு பெரிய நன்மை பண்ணிச்சு. ஆபரேசனுக்குன்னு ஆசுபத்திரி வாசல் வரைக்கும் போயிட்டேன். உசுருக்கு வாசல அடைக்கது பாவம்னு நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. அப்படியே வண்டியத் திருப்பிட்டேன். இப்பம் வீட்டுக்காரி முழுகாம இருக்கா. இது ஆறாவது."

"எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியத்துக்கு என்ன. மூத்தவன் கொல்லத்துல ஓட்டல்ல நிக்கான். அடுத்தவ பள்ளிக்கூடத்த விட்டுட்டு பீடி சுத்துதா. குதிர ஒண்ணுதான ஐயா இருக்கு? ஆறு பேருல ஒருத்தன் தலையப் பிடிப்பான், ஒருத்தன் வாலப் பிடிப்பான். மத்தவன் என்னத்தப் பிடிக்க?" என்று அவரே சிரித்தார். "படச்சவன் பாத்துக்கிடுவான்னு நீங்கதான சொன்னீக."

கோமதி என்னைப் பார்க்காமல் சாலையைப் பார்த்தாள். அவள் பார்த்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். வண்டிக்காரரிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். குதிரையின் வயதைக் கேட்டேன். இறங்கும்போது கூட அரை ரூபாய் கொடுத்தேன். அவர் அதை ஆசீர்வாதமாக எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த நாளில் நான் செய்தவற்றுள் அதுவே கீழானது என்று இப்போது தோன்றுகிறது.

சண்முகவேல் வீட்டில் விளக்கேற்றிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும், எதையோ மறந்து வைத்துவிட்டுத் திரும்பி வந்திருப்பதாக எண்ணிப் பேச்சியம்மாள் தேடப் போனாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே இரண்டு பூவையும் சண்முகவேல் கையில் வைத்துச் சொன்னேன். செடிக்குப் பின்னால் நடந்ததைச் சொன்னேன். ஏன் என்பதையும் மறைக்கவில்லை. பையன் கேட்டுக்கொண்டிருக்க, அவன் தந்தையைப் போன்றவர்களைப் பற்றி நான் மேடையில் சொன்ன சொற்களை அவரிடமே சொன்னேன்.

அவர் பூவைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "சாமி வாக்குன்னு நெனச்சுத்தான் அண்ணாச்சி வாய மூடிக்கிட்டோம்" என்றார். "மனுசன் வாக்குன்னா பேசிக்கிடலாம். உக்காருங்க."

பேச்சியம்மாள் அவ்வளவு எளிதில் விடவில்லை. "பிள்ளையார ஏமாத்தினத நீங்க பிள்ளையாருகிட்ட பேசிக்கிடுங்க. மத்தியானத்துலேருந்து இந்த வீட்டுல மூணு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம். எங்களுக்குத்தான் சாபம் கெடக்கோன்னு நான் அழுதுக்கிட்டிருக்கேன். அதுக்கு எங்கிட்ட பதில் சொல்லுங்க."

அவள் காலில் விழ வேண்டும் போலிருந்தது. வயதில் மூத்தவன் விழுந்தால் அவளுக்குத்தான் பாவம் என்று அதையும் செய்யவில்லை. தலையைக் குனிந்து நின்றேன்.

"மறுபடி பூக்கட்டிருவோமா?" என்று மெல்லக் கேட்டேன்.

"வேண்டாம்" என்றார் சண்முகவேல். "பக்கத்துலயே வாயுள்ள பிள்ள நிக்கும்போது பூவ எதுக்குக் கேக்கணும்? ஏம்மா கோமதி, நீ சொல்லு."

கோமதி தலை நிமிர்ந்து, "எனக்குச் சம்மதம்" என்றாள். அலமாரிப் பக்கத்திலிருந்து, "எனக்கும்" என்று ஒரு குரல் வந்தது. பேச்சியம்மாளுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. "ஏலே, உன்னைய யாரு கேட்டா?"

ஏழரை மணி பஸ்ஸில் ஊர் திரும்பினோம். ஆவணியில் திருமணம் நடந்தது. கோமதி பயிற்சி முடித்து, சென்ற ஆண்டு முதல் ஆசிரியையாக இருக்கிறாள். இப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். இரண்டுக்கு மேல் வேண்டாம் என்று அவளும் அவள் கணவரும் முடிவு செய்திருப்பதாக என்னிடமே சொன்னாள். நான் தலையசைத்தேன்.

என் மக்களில் இருவர் அவள் வீட்டிலிருந்துதான் தென்காசிப் பள்ளிக்குப் போகிறார்கள். உயிருக்கு வாசலை அடைத்த வீடு என்று நான் ஒதுக்கிய வீட்டில்தான் என் பிள்ளைகளுக்குப் படுக்க இடமும் படிக்க விளக்கும் இருக்கின்றன. பண்டிகைக்குப் போகும்போது பேச்சியம்மாள் அவர்களுக்குப் பரிமாறுவதைப் பார்த்துக்கொண்டு உண்ண என்னால் முடிவதில்லை. கையலம்பி எழுந்துவிடுவேன். "அண்ணாச்சிக்கு எப்பவும் கொஞ்சந்தான் சாப்பாடு" என்று அந்த அம்மாள் குறைப்பட்டுக்கொள்வாள்.

இந்த நான்கு ஆண்டுகளில் நான் அந்தப் பொருளை மேடையில் தொடவில்லை. தொடாமல் இருந்துவிட்டால் போதும் என்று எண்ணியிருந்தேன். போதாது. ஒரு வீட்டில் உண்மையைச் சொன்னேன். என் பேச்சைக் கேட்டு மருத்துவமனை வாசலில் வண்டியைத் திருப்பியவருக்குச் சொல்லவில்லை. அவரைப் போல எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. எத்தனை பிறக்க வேண்டும் என்பது அவரவர் வீடும் நிலமும் உடலும் மனமும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியது. அதில் இறைவன் பெயரைச் சொல்லி நான் புகுந்தது தவறு. சண்முகவேல் சொன்னது போல, ஆட்கள் குறையும் காலத்துக்கும் அதன் துன்பங்கள் இருக்கும். வயல்கள் ஆளின்றிக் கிடக்கலாம், முதியவர்கள் தனித்துப் போகலாம். அதை அந்தக் காலத்து மக்கள் கண் திறந்து எதிர்கொள்ளட்டும். கையிலிருக்கும் நிலத்தை வரப்பாக்கிவிட்டு, அதற்குத் தெய்வத்தைச் சாட்சி கூப்பிடுகிறவன் நானாக இனி இருக்க மாட்டேன். வரும் பங்குனியில் அதே மேடைக்கு அழைத்திருக்கிறார்கள். இதை அங்கே வாய்விட்டுச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். சொல்லாமல் இருந்துவிடுவேனோ என்ற ஐயத்தால்தான் முன்கூட்டியே எழுதிவைக்கிறேன்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஆனிக் கடைசி முதல் ஆவணி முதல் வாரம்வரை சாரல் நன்றாக இருக்கும். ஆடி அமாவாசையன்று கூட்டத்தில் குளிக்க முடியாது. வேறு நாளில் போங்கள். நீர் செம்மண் நிறமாகக் கலங்கினால் மேலே மழை என்று பொருள். உடனே விலகிவிடுங்கள். மாற்றுத் துணியை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி எடுத்துப்போங்கள். காலைப் பயணத்துக்கு ஒருவருக்கு இரண்டரை ரூபாயும், திரும்ப ஒன்றரை ரூபாயும் தாராளம். சம்பந்தம் பேசப் போகிறவர்களாக இருந்தால், இரு வீட்டாரும் பேச வேண்டியதைப் பேசிய பிறகு சந்நிதிக்குப் போங்கள். அங்கே கும்பிட்டுவிட்டு மட்டும் வாருங்கள்.

இதை வாசித்த உங்களுக்கும் உங்கள் இல்லத்தார்க்கும் குற்றாலநாதர் அருள் நிறைக. உங்கள் வீட்டில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் கேட்டு வரவழைத்த விருந்தாளியாக வரட்டும். அதற்கென ஒரு பாயும் ஒரு பலகையும் முன்பே காத்திருக்கட்டும். உங்கள் முதுமையில் உங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு குரல் பக்கத்தில் இருக்கட்டும். உங்கள் மக்கள் உங்களைப் பார்த்துத் தலை குனிய வேண்டிய நாள் ஒருபோதும் வராமல் அம்மையும் அப்பனும் காக்க.